தினமும் உடன் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் உரிமம் பெற்றோ, உரிமம் தேவைப்படாத மாநிலத்தின் சட்டத்துக்கு உட்பட்டோ கைத்துப்பாக்கியை உடன் வைத்திருக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்தக் காலிபர் (குழலின் உள்விட்ட அளவு) சக்தி வாய்ந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முந்தைய கேள்வி சட்டம் பற்றியது. ஹாலோ பாயின்ட் எனப்படும் குழிமுனைத் தோட்டாக்களைப் பொதுவெளியில் எடுத்துச் செல்ல நியூ ஜெர்சி மாநிலம் கடுமையான கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆகவே உங்கள் மாநிலச் சட்டத்தையும், பயணத்தில் கடந்து செல்லும் மாநிலங்களின் சட்டத்தையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

அடுத்து, துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் பெயரைப் பாருங்கள். 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பாராபெல்லம், 9×19 ஆகிய மூன்றும் ஒரே தோட்டாவைக் குறிப்பவை. 9 மி.மீ. மகரோவ் வேறு; .380 தோட்டாவுக்கும் 9 மி.மீ. ஷார்ட் என்றொரு பெயர் உண்டு. குழலில் உள்ள பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தோட்டா உங்களுக்கானது அல்ல. பெட்டியில் +பி என்றிருந்தால் அதன் அழுத்தம் கூடுதலானது என்று பொருள்: வழக்கமான 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு), +பி வகைக்கு 38,500. துப்பாக்கியோடு வந்த கையேடு அனுமதித்தால் மட்டுமே அதை வாங்க வேண்டும்.

மூன்றாவது படி குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பாய்ந்து செல்லும் முனைப் பகுதியின், வகை. இங்கேதான் நிதானம் தேவை. முழுதும் உலோக உறையிட்ட குண்டு உடலைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கும் வேறொருவரைத் தாக்கக்கூடும் என்பதால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. குழிமுனைக் குண்டு உள்ளே சென்றதும் விரிந்து வேகம் இழக்கிறது. ஆனால் மிக விரைவில் நின்றுவிடுவதும் ஆபத்தே. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் ஒரு 9 மி.மீ. குண்டு குற்றவாளியின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்றும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவர் தொடர்ந்து சுட்டார்; அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அலுவலர்கள் இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகே, உடல் திசுவுக்கு ஈடாகச் சோதனையில் பயன்படும் 10 சதவீத ஜெல்லட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை எஃப்.பி.ஐ. வகுத்தது. ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட், ஹார்னடி கிரிட்டிக்கல் டூட்டி போன்ற தோட்டாக்கள் இந்த அளவுகோலை மனத்தில் கொண்டு உருவானவை. தடித்த துணி போர்த்திய ஜெல்லட்டினில் நடத்திய சோதனை முடிவையும் பாருங்கள், ஏனெனில் துணி குழியை அடைத்துக்கொண்டால் குண்டு விரியாமலே போகலாம். குறுகிய குழலில் வேகம் குறைவதால், உங்கள் துப்பாக்கியின் குழல் நீளத்துக்கு நெருக்கமான சோதனையையே நம்ப வேண்டும்.

குண்டின் எடையைப் பொறுத்தவரை 9 மி.மீ.யில் 115, 124, 147 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. உங்கள் கையில் கட்டுக்குள் இருந்து, அடுத்த குறியை விரைவாகப் பார்க்க விடும் எடையே ஏற்றது. எஃப்.பி.ஐ.யே 10 மி.மீ., .40 என்று மாறிப் பார்த்துவிட்டு, 2010களின் நடுவில் 9 மி.மீ.க்குத் திரும்பியதில் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு.

தேர்ந்தெடுத்த தோட்டாவை உங்கள் துப்பாக்கியிலேயே, தோட்டாக்களை அடுக்கும் உங்கள் மேகசின்களைக் கொண்டே, சுடுதளத்தில் சோதியுங்கள். விலை அதிகம்தான், இருந்தாலும் நூறு தோட்டாக்களாவது தடையின்றிச் சுட்ட பிறகே அதை நம்பி உடன் வைத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. சிக்கிக்கொள்ளும் தோட்டா எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் வேறொன்றுக்கு மாறுங்கள். அன்றாடப் பயிற்சிக்கு அதே எடையுள்ள மலிவான வகை போதும்.

கடைசியாக ஒரு பராமரிப்பு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் ஏற்றி இறக்கினால், குண்டு வெடிமருந்து உள்ள உறைக்குள் அழுந்தி, சுடும்போது அழுத்தம் அபாயகரமாக உயரலாம். துப்பாக்கியைக் காலி செய்யும்போதெல்லாம் வெளிவந்த தோட்டாவைப் புதிய ஒன்றின் அருகே நிறுத்திப் பாருங்கள். நீளம் சிறிதேனும் குறைந்திருந்தால் அதைச் சுடாமல் தனியே எடுத்து வைத்து, சுடுதளப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.