விழுந்த பல்லை எப்படி எடுப்பது: ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி

பள்ளியில் பிள்ளையின் பல் தெறித்து விழும்போது பக்கத்தில் நிற்பவர் பி.டி. ஆசிரியர்தான். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஸ்லைடு எல்லாம் வேண்டாம். சில பல் மாதிரிகள், ஒரு பாக்கெட் பால், மூடி போட்ட சின்ன டப்பா, சுத்தமான துணி போதும்.

படி 1: முதலில் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம், வாந்தி, பேச்சில் குழப்பம் இருந்தால் பல் அப்புறம், உடனே 108.

படி 2: பால் பல்லா, நிலைப் பல்லா? மேல் முன்பல் பெரும்பாலும் 7, 8 வயதில் மாறும். இரண்டாம், மூன்றாம் வகுப்பு டீச்சர்கள் குழம்புவது இங்கேதான். புதிதாக முளைத்த நிலைப் பல் அகலமாக, லேசான மஞ்சளாக, நுனியில் சிறு மேடுகளோடு இருக்கும். பால் பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது. உள்ளே வளரும் பல் கெடும். சந்தேகமா? பொருத்தாமல் பாலில் போட்டு எடுத்துப் போகட்டும்.

படி 3: இதற்குத்தான் பாதி நேரம். மாதிரிப் பல்லை மைதான மண்ணில் போட்டு ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். பலரும் வேரைப் பிடித்து, குழாயடிக்குப் போய்த் தேய்ப்பார்கள். அங்கேயே நிறுத்தி விளக்குங்கள்: வேரின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. பல் மறுபடி பிடிப்பது அவற்றால்தான். ஒரு மணி நேரம் காய்ந்தால் அவை செத்துவிடும்.

ஆகவே வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து, மண் இருந்தால் பால் ஊற்றி லேசாக அலசி, பக்கத்துப் பல்லைப் பார்த்து நேராகக் குழியில் மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு பிள்ளை துணியைக் கடித்துக்கொள்ளட்டும். கை நடுங்கினால் பரவாயில்லை, பல்லைப் பாலில் போடலாம். டீக்கடையில் வாங்கினால் சூடான பால் தந்துவிடுவார்கள், கவனம். குளிர்ந்த பால்தான் வேண்டும். பாலே கிடைக்காவிட்டால் டப்பாவில் பிள்ளையை எச்சில் துப்பச் சொல்லி அதில் போடலாம். காகிதத்தில் மடிப்பது கூடவே கூடாது.

படி 4: உடைந்த துண்டையும் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போனால் பல நேரம் ஒட்டிவிடலாம். உள்ளே புதைந்த பல்லை இழுக்க வேண்டாம்.

படி 5: பக்கத்துப் பல் மருத்துவரின் எண்ணை முதலுதவிப் பெட்டி மூடியில் ஒட்டுங்கள். பெற்றோரிடம் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்கப் பழக்குங்கள். அடுத்த பருவத்தில் முன்னறிவிப்பில்லாமல் மாதிரிப் பல்லை ஸ்டாஃப் ரூம் தரையில் போட்டுப் பாருங்கள். யாராவது வேரைப் பிடித்தால் படி 3 மறுபடி.