வானத்தில் தெரியும் மாசும் நாம் மூச்சில் இழுக்கும் மாசும்: அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு பகுதி சிவப்பாக இருந்தால், அங்கே இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்று அவ்வளவு மோசம் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தப் படம் அதை நேரடியாகச் சொல்லவில்லை. இந்தத் துறையில் மற்றெல்லாத் தவறுகளையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற படமெடுக்கும் கருவியிலிருந்து நமக்குக் கிடைப்பது ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) ஒளியியல் தடிமன், சுருக்கமாக ஏ.ஓ.டி. தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை மிதக்கும் துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதைச் சொல்லும், அலகு இல்லாத எண் அது. ஏ.ஓ.டி. 1 என்றால், துகள்களின் மறிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், உச்சியிலிருந்து நேராக இறங்கும் ஒளியில் சுமார் 37 சதவீதமே தரையைத் தொடும். தரையில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் தருவதோ பி.எம். 2.5. ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்களின் எடை, மைக்ரோகிராமில். முதலாவது முழு வானத்துக்குமான ஒளிக்கணக்கு. இரண்டாவது ஆள் நிற்கும் இடத்தின் எடைக்கணக்கு.

இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையான பெருக்கு எண்ணைப் போட்டு மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. துகள்கள் எல்லாம் தரையை ஒட்டிய கலப்பு அடுக்குக்குள் (காற்று மேலும் கீழுமாகக் கலக்கும் பகுதி) சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ.ஓ.டி. இரண்டு நாளும் 0.5. ஒரு நாள் அந்த அடுக்கின் உயரம் 2 கிலோமீட்டர், இன்னொரு நாள் 500 மீட்டர். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், இரண்டாம் நாள் தரையில் செறிவு நான்கு மடங்கு. வரைபடத்தில் இரண்டு நாளும் ஒரே நிறம்! குளிர்காலத்தில் அடுக்கு தாழ்ந்து கிடக்கும்போது நடப்பது இதுதான். தலைகீழாகவும் நடக்கும்: தொலைதூரக் காட்டுத்தீயின் புகை மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து வந்தால் ஏ.ஓ.டி. ஏறும், தரைக் காற்று அப்படியே இருக்கலாம். அதனால் துகள்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்ற தகவல் வேண்டும். லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் துகள்களின் உயரத்தை அறியும் லைடாரோ, வளிமண்டல வேதியியலைக் கணினியில் கணக்கிடும் மாதிரியோ துணைக்கு வேண்டும். 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்ஸோ செயற்கைக்கோளின் லைடார் பதிவுகள் இதற்குப் பெரிய உதவி.

அடுத்தது ஈரப்பதம். சல்பேட், கடல் உப்பு போன்ற துகள்கள் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். வீங்கிய துகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும். ஆனால் வடிதாளில் துகளைப் பிடித்து எடைபோடும் முறையில், எடைபோடுவதற்கு முன் தாளை 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் பதப்படுத்துகிறார்கள். ஆகவே ஈரமான நாளில் ஒளியை நம்பும் கருவிகள் கூடுதலாகவே காட்டும். விலை குறைந்த லேசர் சென்சார்களுக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு அவை பருமனான மண் தூசியைக் குறைத்துக் காட்டும். இவ்வகையில் பரவலாகப் பயன்படும் பர்ப்பிள்ஏர் சென்சார்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த திருத்தச் சூத்திரத்தில் ஈரப்பதமும் ஓர் உள்ளீடு. ஆனால் அது அந்த நாட்டுத் தரவில் பிறந்தது. வேறு வகைத் துகள்கள் உள்ள பகுதியில் அதை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. சென்சாரைத் தரமான கருவியின் பக்கத்தில் வைத்து, ஈரமான பருவம், வறண்ட பருவம் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திருத்தம் போட வேண்டும்.

அப்புறம், செயற்கைக்கோள் பார்க்காத நாட்களை மறந்துவிடுவது. மோடிஸுக்கு ஏ.ஓ.டி. கணக்கிட வெயில் வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. டெர்ரா நீண்ட காலம் காலை பத்தரை மணியளவிலும், அக்வா பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் கடந்தன. அந்த ஒரு கணத்து எண்ணைத் தரை நிலையத்தின் 24 மணி நேரச் சராசரியோடு நேரடியாக ஒப்பிட்டால், விடியற்காலையிலும் இரவிலும் ஏறும் மாசு கணக்கில் எங்கே வரும்? இதைவிடக் கவலைக்குரியது, அடர்ந்த புகைமூட்டத்தையே மேகம் என்று எண்ணி வழிமுறை ஒதுக்கிவிடுவது உண்டு. அதாவது, மிக மோசமான நாட்களே சராசரியிலிருந்து காணாமல் போகும். சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தரை நிலையத்தின் சராசரியை, செயற்கைக்கோள் தரவு உள்ள நாட்களுக்குத் தனியாகவும் எல்லா நாட்களுக்கும் தனியாகவும் போட்டுப் பாருங்கள். இரண்டும் விலகினால் உங்கள் வரைபடமும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பிழை எல்லையைப் பார்க்காமல் சிறு வேறுபாடுகளுக்குக் கதை கட்டுவதும் தவறு. மோடிஸ் தரவிலிருந்து ஏ.ஓ.டி. கணக்கிடும், இருண்ட தரைக்கான டார்க் டார்கெட் முறைக்கு நிலப்பரப்பில் எதிர்பார்க்கும் பிழை ±(0.05 + 15%). ஏ.ஓ.டி. 0.1 உள்ள தூய்மையான இடத்தில் அது 0.065 ஆகிவிடும். அங்கே 0.10, 0.13 என்ற வேறுபாட்டுக்குப் பொருள் தேடுவது வீண். நாசாவின் ஏரோநெட் வலையமைப்பில், தரையிலிருந்து சூரியனை நோக்கி ஏ.ஓ.டி.யை அளக்கும் சூரிய ஒளிமானிகளின் பிழை 0.01 முதல் 0.02 தான். அதனால்தான் அவற்றை உரைகல்லாக வைக்கிறோம். ஒப்பிடும்போது அலைநீளம் ஒன்றாக இருக்க வேண்டும்: மோடிஸ் எண் 550 நானோமீட்டருக்கு, ஒளிமானி 500 நானோமீட்டரில் அளந்திருக்கும். அலைநீளத்தைப் பொறுத்து ஏ.ஓ.டி. எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் ஆங்ஸ்ட்ராம் அடுக்கு எண்ணைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பிழையால் பூஜ்யத்துக்குக் கீழே போன எதிர்மறை ஏ.ஓ.டி. கண்ணில் பட்டால் பூஜ்யமாக்காதீர்கள், சராசரி பொய்யாக உயரும். பாலைவனம் போன்ற பளிச்சென்ற தரைக்கு டார்க் டார்கெட் பொருந்தாது, நீல ஒளியைப் பயன்படுத்தும் டீப் புளூ முறை வேண்டும். தரவுத் தொகுப்பின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே வரிசையில் கோக்கவே கூடாது, இல்லாத போக்கு ஒன்று முளைத்துவிடும்.

தரை நிலையம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் இருந்துவிட முடியாது. மாதிரிக் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கும் பழைய வகை டியோம் கருவிகளில் (துகள் எடையைத் தொடர்ந்து அளப்பவை) அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகி எடை குறைந்துவிடும். சாலையோர நிலையம் ஒன்று, செயற்கைக்கோள் வரைபடத்தின் 10 கிலோமீட்டர் கட்டம் முழுவதற்கும் சாட்சி சொல்லவும் முடியாது.

கடைசியாக, இப்போது இயந்திரக் கற்றல் மாதிரிகளால் பெருகிவரும் தவறு. தரவைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சி, மறு பகுதியில் சோதனை என்று செய்தால், ஒரே நிலையத்தின் வெவ்வேறு நாட்கள் இரண்டு பக்கமும் வந்துவிடும். மதிப்பெண் பிரமாதமாக இருக்கும். நிலையமே இல்லாத ஊருக்குப் போனால் மாதிரி தடுமாறும், வரைபடம் தேவைப்படுவதோ அந்த ஊர்களுக்குத்தான். முழு நிலையங்களையே, முடிந்தால் ஒரு வட்டாரம் முழுவதையுமே, பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்துச் சோதித்து, அந்த எண்ணையே அறிக்கையில் போடுங்கள்.