கடல் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? வெப்பமண்டல நீரோட்டத்துல நாம வழக்கமா பண்ற தப்புகள்

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், போன வாரம் மேப் வரைஞ்சிட்டு இருந்தவன் பசிபிக்ல பூமத்திய ரேகைக்கு மேல ஒரு அம்பு, கீழ ஒரு அம்பு, ரெண்டையும் மேற்கு பார்த்து போட்டுட்டு, "சித்தி, வட பூமத்திய ரேகை நீரோட்டம்னு பேர் இருக்கு, அப்ப வடக்க தானே போகணும், ஏன் மேற்க போகுது"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. பேர்ல இருக்கிற வடக்கு அந்த நீரோட்டம் இருக்கிற இடம், அது போற திசை இல்ல. நிறைய பேர் முதல் தப்பை இங்கதான் பண்றாங்க.

இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு. காத்துக்கு அது வர்ற திசையை வச்சு பேர் வைப்போம், தென்மேற்குப் பருவக்காத்துன்னா தென்மேற்குல இருந்து வர்றது. கடல் ஆராய்ச்சி பண்றவங்க நீரோட்டத்துக்கு மட்டும் போற திசையைச் சொல்லுவாங்க. ஆனா நம்ம தெக்கத்தி மீனவங்க வடக்க இருந்து தெற்க ஓடுற தண்ணிய வாநீவாடுன்னு சொல்லுவாங்க, தெற்க இருந்து வடக்க ஓடுறத சோநீவாடுன்னு சொல்லுவாங்க, அதாவது வாடைக்காத்து, சோழகக்காத்து மாதிரியே வர்ற பக்கத்தை வச்சுத்தான் பேர். ரெண்டு முறையும் சரிதான். எந்த முறைல சொல்லியிருக்குன்னு பாக்காம படிச்சா அம்பு அப்படியே தலைகீழா திரும்பிடும், அவ்ளோதான்.

அடுத்தது அலையையும் நீரோட்டத்தையும் ஒண்ணா நினைக்கிறது. நெல் வயல்ல காத்து அடிக்கும்போது அலை அலையா ஓடும், ஆனா கதிர் நின்ன இடத்துலயே தான் நிக்கும். கடல் அலையும் கிட்டத்தட்ட அப்படித்தான், தண்ணி வட்டமா சுத்தி ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துடும். நீரோட்டம்னா தண்ணியே இடம் மாறுறது.

இப்ப முக்கியமான தப்புக்கு வரேன், எனக்கு ரொம்ப நாள் இருந்த தப்பு இது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ தண்ணி அந்தப் பக்கம் போகும், துடைப்பத்தால தண்ணிய தள்ளுற மாதிரின்னு நினைச்சிட்டு இருந்தேன். 1893ல இருந்து 1896 வரைக்கும் நார்வே ஆய்வுப்பயணி நான்சென் தன்னோட ஃப்ராம் கப்பலை ஆர்க்டிக் பனியில உறைய விட்டு மிதந்து போனப்போ, பனிக்கட்டி காத்து போற பக்கம் போகாம அதுக்கு வலது பக்கமா 20 டிகிரில இருந்து 40 டிகிரி வரைக்கும் விலகிப் போறத கவனிச்சார். ஸ்வீடன் கடல் ஆராய்ச்சியாளர் எக்மன் அதுக்கு கணக்கு போட்டு 1905ல விளக்கம் கொடுத்தார். பூமி சுத்துறதால வட பாதில தண்ணி காத்துக்கு வலது பக்கம் திரும்பும், தென் பாதில இடது பக்கம், காத்தோட பிடி எட்டுற அந்த மேல் அடுக்கை மொத்தமா கூட்டிப் பாத்தா காத்துக்கு செங்குத்தா நகருது.

இத நீங்க சென்னைலயே காலால தொட்டுப் பாக்கலாம். ஜூன் ஜூலைல வெயில் கொளுத்தும், தென்மேற்குக் காத்து கரைக்கு இணையா வடகிழக்க பார்த்து அடிக்கும், கடல் தண்ணி சூடா தான் இருக்கும்னு நினைச்சு காலை வச்சா சில நாள் ஜில்லுன்னு இருக்கும். காத்துக்கு வலது பக்கம் ஆழ்கடல், அதனால மேல் தண்ணி கரையை விட்டு விலகிப் போகுது, அந்த இடத்துக்கு அடியில இருந்து குளிர்ந்த தண்ணி மேல வருது. பூமத்திய ரேகைலயும் இதே கதைதான். பசிபிக்ல வர்த்தகக் காத்து, அதாவது வெப்பமண்டலத்துல வருஷம் பூரா அடிக்கிற காத்து, மேற்க பார்த்து அடிக்குது, ரேகைக்கு வடக்க இருக்கிற தண்ணி வலது பக்கம் திரும்பி வடக்க விலகுது, தெற்க இருக்கிறது இடது பக்கம் திரும்பி தெற்க விலகுது, நடுவுல கீழ இருந்து குளிர்ந்த தண்ணி ஏறுது, அதனால உலகத்துல வெயில் நேரா விழுற இடத்துல கடல் நடுவுல நீளமா ஒரு குளிர்ச்சியான பட்டை கிடைக்குது.

கடல் மட்டம் எல்லா இடத்துலயும் சமம்னு நினைக்கிறதும் தப்புதான். வர்த்தகக் காத்து வருஷம் பூரா தள்ளித் தள்ளி, பசிபிக்கோட மேற்குப் பக்கம் தென் அமெரிக்கா பக்கத்தை விட சுமார் அரை மீட்டர் உயரமா இருக்கு. அரை மீட்டர் தானேன்னு தோணும். அந்த அரை மீட்டரை வச்சுத்தான் அடுத்த ரெண்டு விஷயமும் நடக்குது.

1952ல கடல் ஆராய்ச்சியாளர் டவுன்சென்ட் குரோம்வெல்லும் அவர் கூட இருந்தவங்களும் பசிபிக் பூமத்திய ரேகைல சூரை மீன் பிடிக்கிறதுக்கு நீளமான தூண்டில் கயிறு ஆழத்துல இறக்கினாங்க. மேல தண்ணி மேற்க ஓடுது, கப்பலும் அந்தப் பக்கம் இழுபடுது, ஆனா கீழ போன கயிறு கிழக்க போகுது, காத்துக்கும் எதிரா, மேல் நீரோட்டத்துக்கும் எதிரா. மேற்க குவிஞ்ச தண்ணியோட அழுத்தம் கீழ, காத்தோட பிடி எட்டாத ஆழத்துல, திரும்ப கிழக்க தள்ளுது. அது வடக்கயோ தெற்கயோ கொஞ்சம் விலகினாலும் பூமி சுத்துற விளைவு அத திரும்ப ரேகைக்கே கொண்டு வந்துடும், அதனால சிதறாம குறுகலான பட்டையாவே ஓடுது. சுமார் 100 மீட்டர் ஆழத்துல, செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல, பசிபிக் முழுக்க. அது போய் தென் அமெரிக்காவுக்கு மேற்க இருக்கிற கலாபகோஸ் தீவுகளோட மேற்குக் கரைல முட்டி மேல ஏறுறதால தான் பூமத்திய ரேகைல பெங்குவின் வாழ முடியுது. இதே மாதிரி ஒரு அடி நீரோட்டத்தை 1886லயே அட்லாண்டிக்ல புக்கனன்ங்கிற ஆராய்ச்சியாளர் கவனிச்சிருந்தார், எல்லாரும் மறந்தே போய்ட்டாங்க. மேப்ல இருக்கிற அம்பு மேல்தட்டுக்கு மட்டும்தான், அத பாத்துட்டு "இங்க தண்ணி மேற்க ஓடுது"ன்னு சொன்னா பாதி தான் சரி.

அந்த உயரத்தோட இன்னொரு விளைவு இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவுல பசிபிக் தண்ணி இந்தியப் பெருங்கடலுக்கு வழியுறது. நீரோட்டம்னா பெரிய ஆறு மாதிரின்னு நாம சொல்றோம் இல்லையா, அந்த ஒப்பீடே ரொம்பச் சின்னது. 2004ல இருந்து 2006 வரைக்கும் ஜலசந்திகள்ல கருவிகள் இறக்கி அளந்தப்போ செகண்டுக்கு சுமார் 1.5 கோடி கன மீட்டர்னு வந்துச்சு. உலகத்துல இருக்கிற எல்லா ஆறும் சேர்ந்து கடல்ல கொட்டுறது அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. அதுல பெரும்பகுதி வர்ற மகாசார் ஜலசந்திலயும் வேகம் அதிகமா இருக்கிறது மேல்தட்டுல இல்ல, 100 மீட்டர் ஆழத்தைச் சுத்தி.

சில வருஷத்துக்கு ஒரு தடவை கிழக்கு பசிபிக் வழக்கத்தை விட சூடாகும், அதான் எல் நினோ. அது வந்தா "இந்தோனேசியா பக்கத்து வெந்நீர் அப்படியே பெருவுக்கு ஓடி வந்துடுச்சு"ன்னு எழுதுறாங்க. வர்த்தகக் காத்து தளரும்போது மேற்கு வெதுவெதுப்பு நடு பசிபிக் பக்கம் நகருறது உண்மை, ஆனா பெரு வரைக்கும் ரெண்டு மூணு மாசத்துல போய்ச் சேருறது கெல்வின் அலை, கண்ணுக்குத் தெரியாம தண்ணிக்கு உள்ளயே ஓடுற அலை. அது அங்க இருக்கிற சூடான மேல் அடுக்கை தடிமனாக்கி, குளிர்ந்த தண்ணிய எட்டாத ஆழத்துக்கு தள்ளிடுது. வயலும் கதிரும் சொன்னேனே, அதேதான்.

மிதக்குற பொருள் போற வழியும் தண்ணி போற வழியும் ஒண்ணுன்னு எடுத்துக்கிறதும் தப்பு. காணாமப் போன மலேசிய விமானம் எம்எச்370ஓட இறக்கைப் பகுதி 2015 ஜூலைல மேற்கு இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுல ஒதுங்கிச்சு, காணாமப் போய் 16 மாசம் கழிச்சு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்காரங்க அதே மாதிரி நிஜப் பாகம் ஒண்ண கடல்ல விட்டுப் பாத்தப்போ அது காத்துக்கு இடது பக்கமா சுமார் 20 டிகிரி விலகியே போச்சு, தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்கிற பாகம் காத்தைப் பிடிக்கும் இல்லையா.

கடைசியா, நம்ம ஊருக்கு ரொம்ப ஒட்டுன தப்பு: மாசம் கேக்காம நீரோட்டத்தைப் பத்தி பேசுறது. அட்லாண்டிக்லயும் பசிபிக்லயும் பெரிய அம்புகள் ஓரளவு நிலையா இருக்கும். வட இந்தியப் பெருங்கடல் அப்படி இல்ல. சோமாலியா கரையோரம் ஜூலைல வடகிழக்க செகண்டுக்கு ரெண்டு மீட்டருக்கு மேல பாயுற அதே நீரோட்டம் ஜனவரில தென்மேற்க திரும்பி ஓடும். பூமத்திய ரேகைல ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் ரெண்டு தடவை மேற்குக் காத்து அடிச்சு தண்ணி கிழக்க சீறிப் போகும், ரேகை மேலயே பூமி சுழற்சி திருப்பாதுங்கிறதால அங்க மட்டும் துடைப்பம் கணக்கு பலிக்கும். கடல் ஆராய்ச்சியாளர் கிளாவுஸ் விர்ட்கி இத 1973ல, கப்பல்கள் போக வேண்டிய வழியை விட்டு நீரோட்டத்தால எவ்வளவு விலகிப் போச்சுங்கிற கணக்கை வச்சே கண்டுபிடிச்சார்.

அந்தத் தண்ணி சுமத்ரால முட்டினா அங்க இருந்து கெல்வின் அலை கிளம்பி மியான்மர், வங்காளம்னு வங்காள விரிகுடாவோட விளிம்பைச் சுத்தி நம்ம கிழக்குக் கரைக்கே வந்துடும். அதனால நம்ம கரையோர நீரோட்டம் நம்ம தலைக்கு மேல அடிக்கிற காத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது இல்ல. பிப்ரவரில தென்மேற்குக் காத்து எட்டிக்கூட பாத்திருக்காது, ஆனா தண்ணி வடக்க ஓட ஆரம்பிச்சிடும், மார்ச் ஏப்ரல்ல உச்சம், ஜூன் ஜூலைல காத்து பலமா அடிக்கும்போது பாத்தா அந்த ஓட்டமே தளர்ந்து போயிருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தெற்க திரும்பிடும். அப்ப கங்கை, பிரம்மபுத்திரா கொட்டுன நல்ல தண்ணி கலந்து உப்பு குறைஞ்ச கடல் தண்ணி நம்ம கரை வழியா இறங்கி, இலங்கையைச் சுத்திட்டு அரபிக்கடல் பக்கம் வரைக்கும் போகுது. அக்கா பையனோட அட்லஸ்ல வங்காள விரிகுடாவுக்கு ஒரே ஒரு அம்பு தான் இருந்துச்சு, எந்த மாசம்னு ஒரு வார்த்தை இல்ல, அதனால அவனை பக்கத்துலயே பென்சில்ல இன்னொரு அம்பு எதிர்ப்பக்கம் பார்த்து போடச் சொல்லி, ஒண்ணுல மார்ச், ஒண்ணுல நவம்பர்னு எழுத வச்சேன்.