பெயர், கேடயம், ஸ்பான்சர்: பழைய இத்தாலிய கால்பந்து ஜெர்சி வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலிய கால்பந்து கிளப்பான நாப்போலியின் வெளிர்நீல ஜெர்சி. நெஞ்சில் ஸ்பான்சர் புயிட்டோனியின் பெயர், முதுகில் 10, அதற்கு மேலே மரடோனா என்று பெயர். '1987 ஒரிஜினல்' என்ற குறிப்போடு இப்படி ஒன்று ஆன்லைனில் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. இதைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏ-வில் வீரர்களின் பெயர் முதுகில் ஏறியது 1995-96 சீசனில்தான். மரடோனா நாப்போலியை விட்டுப் போனது 1991இல். அவர் பெயர் எழுதிய நாப்போலி ஜெர்சியை அணிந்து சீரி ஏ ஆட்டம் எதிலும் அவர் ஆடியதில்லை.

இந்தத் துறையில் பணத்தை இழப்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். தையலும் துணியும் தெரியாததால் ஏமாறுபவர்கள் குறைவு. சீசன் தெரியாமல் ஏமாறுபவர்கள்தான் அதிகம். எழுபதுகளின் கடைசியிலிருந்து 2000 வரை இத்தாலிய கிளப்களின் ஜெர்சி ஆண்டுக்கு ஆண்டு ஏதாவது ஒரு விதத்தில் மாறிக்கொண்டே இருந்தது. தயாரித்த நிறுவனம், ஸ்பான்சர், நெஞ்சிலிருக்கும் சின்னம், எண் போடும் முறை எல்லாம் ஒரே சீசனைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறு காலத்தைக் காட்டினால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள்.

பெயரைப் பார்த்து மயங்குவது

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. நமக்குப் பிடித்தது ஒரு வீரர், அதனால் அவர் பெயரைத் தேடுகிறோம். விற்பவருக்கும் அது தெரியும். 1995க்கு முந்தைய சீரி ஏ ஆட்டங்களில் முதலில் களமிறங்கும் பதினொரு பேரும் 1 முதல் 11 வரையிலான எண்களை அணிந்தார்கள். மாற்று வீரர்களுக்கு 12 முதல் 16 வரை. அதாவது எண் ஆளுக்கு உரியதல்ல, அன்றைய ஆட்டத்தில் அவர் நின்ற இடத்துக்கு உரியது. 1990ஆம் ஆண்டு லீக் ஜெர்சியில் 21 என்றோ 33 என்றோ எண் இருந்தால் யாரோ பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ராபர்ட்டோ பாஜியோ 1990 முதல் 1995 வரை யுவென்டஸில் ஆடினார். அந்த ஐந்து சீசன்களின் லீக் ஜெர்சி எதிலும் அவர் பெயர் இருக்கக் கூடாது. பிறகு மிலானுக்குப் போய் 18 அணிந்தபோதுதான் கிளப் ஜெர்சியில் அவர் பெயரைப் பார்க்கலாம்.

தேசிய அணி வேறு கதை. 1994 உலகக் கோப்பையில் எல்லா அணிகளுக்கும் முதுகில் பெயர் இருந்தது. இத்தாலி அணியில் டினோ பாஜியோ என்று இன்னொருவரும் இருந்ததால் ராபர்ட்டோவின் ஜெர்சியில் முதலெழுத்தும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். கிளப் விதியை அங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்சி அசலாக இருந்து, பெயரும் எண்ணும் மட்டும் பின்னாளில் ஒட்டியதாக இருக்கலாம். அதைப் போலி என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. பெயரில்லாத ஜெர்சிக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்காமல் இருந்தால் போதும். வாங்கிய பிறகு அந்த எழுத்தைச் சூடுபடுத்தி உரிக்கப் போனால் பசைத் தடம் நிற்கும், துணியும் கெடும். பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

கேடயம் ஒரு வருடம் தள்ளித்தான் வரும்

இத்தாலிய ஜெர்சியின் அழகே நெஞ்சில் இருக்கும் அந்த மூவண்ணக் கேடயம்தான், ஸ்குடெட்டோ. லீக் பட்டம் வென்ற அணி அடுத்த சீசன் முழுக்க அதை அணியும். உள்நாட்டுக் கோப்பைப் போட்டியான கோப்பா இத்தாலியாவை வென்ற அணிக்கு வட்டமான மூவண்ணச் சின்னம், கோக்கார்டா. அதுவும் அடுத்த சீசனில்தான்.

புதிதாகச் சேகரிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நாப்போலி முதல் பட்டம் வென்றது 1986-87 சீசனில். ஆனால் அந்த வெற்றி ஆண்டின் ஜெர்சியில் ஸ்குடெட்டோ கிடையாது. அது 1987-88 ஜெர்சியில் இருக்கும். அதே ஆண்டு கோப்பா இத்தாலியாவையும் நாப்போலியே வென்றதால் கோக்கார்டாவும் சேர்ந்தே வரும். '1986-87 சாம்பியன் ஜெர்சி, கேடயத்தோடு' என்று ஒருவர் விற்றால், ஒன்று அது போலி, இல்லையென்றால் விற்பவருக்கே தன் கையில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. சம்ப்டோரியா கிளப்பும் அப்படித்தான். மான்சினியும் வியாலியும் சேர்ந்து வாங்கித் தந்த அந்த ஒரே பட்டம் 1990-91இல். ஆசிக்ஸ் தயாரித்து ஸ்பான்சர் ஈஆர்ஜியின் பெயர் தாங்கிய ஜெர்சியில் கேடயம் ஏறியது 1991-92இல். வெம்பிளியில் பார்சிலோனாவிடம் ஐரோப்பியக் கோப்பையை இழந்ததும் அதே சீசன்தான்.

நட்சத்திரத்துக்கும் இதே போல் காலக் கணக்கு உண்டு. பத்து பட்டத்துக்கு ஒரு தங்க நட்சத்திரம். யுவென்டஸ் அதை 1958இல் பெற்றது, இன்டர் 1966இல், மிலான் 1979இல். எழுபதுகளின் நடுப்பகுதி என்று சொல்லி மிலான் ஜெர்சி ஒன்றில் நட்சத்திரம் மின்னினால் மேலே பேச வேண்டியதில்லை.

நிறுவனமும் ஸ்பான்சரும் பொருந்தாமை

சீரி ஏ ஜெர்சிகளில் ஸ்பான்சர் பெயருக்கு முறையான அனுமதி கிடைத்தது 1981-82 சீசனிலிருந்து. அதற்கு முன்பே பெருஜியா 1979இல் பொன்டே என்ற பாஸ்தா நிறுவனத்தின் பெயரைப் போட்டுச் சர்ச்சையில் மாட்டியது. பாவ்லோ ரோஸ்ஸி அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு வரிசை உண்டு. அதை மனப்பாடம் செய்வது கடினமில்லை. மிலானை எடுத்துக்கொள்வோம். ஜெர்சி தயாரித்தது 1986 முதல் 1990 வரை கப்பா, 1993 வரை அடிடாஸ், 1998 வரை லோட்டோ, அப்புறம் மறுபடியும் அடிடாஸ். ஸ்பான்சர் 1987 முதல் 1992 வரை மெடியோலனம், அடுத்த இரண்டு சீசன் மோட்டா, 1994 முதல் 2006 வரை ஓப்பல். இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பாவும் ஓப்பலும் ஒரே ஜெர்சியில் சந்திக்க வழியே இல்லை. லோட்டோவும் மெடியோலனமும் அப்படியே. ஆனாலும் இந்த மாதிரி கற்பனை ஜெர்சிகளுக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள்.

நாப்போலியில் மரடோனாவின் காலத்தை மூன்று ஸ்பான்சர் பெயர்களால் பிரிக்கலாம். வந்த ஆண்டான 1984-85இல் சிரியோ, 1985 முதல் 1988 வரை புயிட்டோனி, 1988 முதல் 1991 வரை மார்ஸ். யுவேஃபா கோப்பையும் இரண்டாவது லீக் பட்டமும் மார்ஸ் காலத்தவை. புயிட்டோனியும் மார்ஸும் இருந்த ஆண்டுகளில் ஜெர்சி தைத்தது எனெர்ரே. 1991இல் உம்ப்ரோ வந்தபோது மரடோனா அங்கே இல்லை. உம்ப்ரோ சின்னத்தோடு மரடோனா ஜெர்சி என்றால் கதை முடிந்தது.

பொருந்தாததெல்லாம் போலி என்றும் அவசரப்பட வேண்டாம். சில கிளப்கள் கோப்பைப் போட்டிகளுக்கு வேறு ஸ்பான்சர் போட்டதுண்டு. மூன்றாவது ஜெர்சி என்பதும் உண்டு. 1998இல் பாரிஸில் லாசியோவை 3-0 என்று வென்று இன்டர் யுவேஃபா கோப்பையைத் தூக்கியபோது, பிரேசில் வீரர் ரொனால்டோ அணிந்திருந்தது வழக்கமான நீலம்-கறுப்பு செங்குத்துக் கோடு இல்லை. சாம்பலும் கறுப்புமாகக் குறுக்குப் பட்டைகள். படம் பார்க்காதவர் அதை இன்டர் ஜெர்சியே இல்லை என்று ஒதுக்கியிருப்பார். அதனால் அந்த சீசனின் ஆட்டப் படங்களைத் தேடிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. எவ்வளவு நேரம் ஆனாலும் அதைச் செய்யுங்கள். உண்மையில் இந்தச் சேகரிப்பின் பாதி சந்தோஷம் அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

மறுபதிப்பைப் பழையது என்று வாங்குவது

பழைய ஜெர்சிகளை இன்று புதிதாகத் தைத்து முறையாகவே விற்கிறார்கள். அதில் தப்பில்லை, போட்டுக்கொண்டு வெளியே போக அவை நன்றாகவே இருக்கும். நம் ஊர் ஆன்லைன் கடைகளில் 'ரெட்ரோ' என்று வருபவை பெரும்பாலும் இதிலும் சேராத வெறும் நகல்கள். சிக்கல் எப்போது வருகிறதென்றால், கழுத்து லேபிளை வெட்டிவிட்டு, நாலு தடவை துவைத்து, 'தாத்தா பெட்டியில் கிடைத்தது' என்று விற்கும்போது.

உள்பக்கத்தைப் படம் கேளுங்கள். முன்பக்கத்தை விட அதுதான் நிறையச் சொல்லும். 1989ஆம் ஆண்டு ஜெர்சியின் துவைக்கும் குறிப்பு லேபிளில் இணையதள முகவரியோ கியூஆர் குறியோ இருக்க முடியாது. சின்னம் தைத்த இடத்தின் பின்புறம், தையல் நூல், ஓரம் மடித்த விதம் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இத்தாலியர்கள் லானெட்டா என்று சொல்லும் கம்பளி போன்ற அக்ரிலிக் பின்னல் அதிகம். அதற்குப் பிறகு பளபளக்கும் பாலியஸ்டர். ஸ்பான்சர் எழுத்துகள் பலவற்றில் வெல்வெட் போல் மெத்தென்று இருக்கும். மெல்லிய, வழுவழுப்பான நவீன அச்சு அந்தக் காலத்துத் துணியில் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சமீப கால நைக்கி, அடிடாஸ் ஜெர்சிகளில் உள் லேபிளில் தயாரிப்பு எண் இருக்கும். அதைத் தேடலில் போட்டால் அதே ஜெர்சி வர வேண்டும். போலி செய்பவர்கள் ஒரே எண்ணைப் பல ஜெர்சிகளுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

அரிதானது என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த உள்பக்கப் படம் இன்னும் முக்கியம். 1992-93இல் ஃபியோரென்டினாவுக்கு லோட்டோ தயாரித்த வெள்ளை வெளியூர் ஜெர்சி இதற்குச் சரியான உதாரணம். தோள்பகுதியில் ஊதா நிறக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பின்னிய வடிவத்தில், யாரும் நினைக்காமலே நாஜி ஸ்வஸ்திகா போன்ற உருவங்கள் தெரிந்துவிட்டன. தற்செயல்தான் என்று சொல்லி சீசன் நடுவிலேயே அதை விலக்கிக்கொண்டார்கள். முன்கள வீரர் பாட்டிஸ்டுட்டா இருந்தும் அந்த அணி அந்த ஆண்டு இரண்டாம்நிலை லீக்கான சீரி பி-க்கு இறங்கியது. இவ்வளவு கதை ஒரு ஜெர்சிக்குப் பின்னால் இருந்தால் விலை ஏறும், நகலும் பெருகும். இந்த ரகத்தை முதல் வாங்கலாக வைத்துக்கொள்ளவே கூடாது.

'ஆட்டத்தில் அணிந்தது'

வீரர் அணிந்த ஜெர்சி என்று சொன்ன உடனே விலை பல மடங்கு ஏறுகிறது. ஆதாரமாக ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். யார் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தார் என்று தெரியாத சான்றிதழ் வெறும் காகிதம். மண் கறையையும் கிழிசலையும் யாரும் உண்டாக்கலாம். நம்பக்கூடிய ஒரு வழி, ஆட்டப் படத்தோடு ஒப்பிடுவது. கோடு போட்ட ஜெர்சிகளில் இது அருமையாக வேலை செய்யும். மிலான், இன்டர், யுவென்டஸ் ஜெர்சிகளில் துணி வெட்டும்போது கோடு காலரைத் தொடும் இடம், எண்ணின் விளிம்பு எந்தக் கோட்டில் விழுகிறது, சின்னம் எந்த நிறத்தின் மேல் அமர்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஜெர்சிக்கு ஜெர்சி கொஞ்சம் மாறும். படத்திலும் கையிலும் அவை ஒத்துப்போனால் பேசலாம். ஒத்துப்போகாவிட்டால் கடை ஜெர்சி விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வேண்டாம். போட்டிக்காகத் தயார் செய்து களத்துக்குப் போகாத ஜெர்சிகளும் உண்டு. அவற்றை அப்படியே சொல்லி விற்பவர் நாணயமானவர், அவரோடு தொடர்பில் இருங்கள்.

அளவு

தொண்ணூறுகளின் ஜெர்சிகள் தொளதொளவென்று இருக்கும். 2000இல் கப்பா கொண்டுவந்த கோம்பாட் வகை உடம்போடு ஒட்டும். ரோமா 2000-01இல் பட்டம் வென்ற ஜெர்சி அந்த வகைதான். லேபிளில் எல் என்று இருப்பதை நம்பாமல், அக்குளுக்கு அக்குள் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். சிறுவர் அளவைப் பெரியவர் அளவு என்று தவறாகப் போடுவதும் நடக்கிறது.

வாங்கிய பிறகு கெடுப்பது

முப்பது வருடம் தாக்குப்பிடித்த ஜெர்சியை வாஷிங் மெஷின் ஒரே நாளில் முடித்துவிடும். குளிர்ந்த நீரில், உள்பக்கம் வெளியே திருப்பி, கையால் அலசுங்கள். ஸ்பான்சர் எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. வெயிலில் காயப்போட்டால் நிறம் போகும். லானெட்டா ஜெர்சியை ஹேங்கரில் மாட்டினால் தோள் இழுபட்டுத் தொங்கும், மடித்துத்தான் வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்து வைப்பதைத் தவிருங்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அச்சு பிசுபிசுக்கும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது எடுத்துக் காற்றாட விடுங்கள்.

விரிசல் விட்ட ஸ்பான்சரைப் புதிதாக அச்சடித்துச் சரிசெய்ய நினைப்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தில் அது வேண்டாம். விரிசல் அந்த ஜெர்சியின் வயது. புதுப்பித்தே தீர வேண்டுமென்றால், பின்னால் விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் தேடுவதையே தேடுவது

மரடோனா, பாஜியோ, ரொனால்டோ என்று ஆயிரம் பேர் துரத்தும் ஜெர்சிகளில்தான் போலிக்காரர்களும் உழைக்கிறார்கள். பயிற்சியாளர் ஸெமனின் ஃபோஜ்ஜா, பாரி, கால்யாரி, விசென்ஸா போன்ற கிளப்களின் ஜெர்சிகளை நகல் எடுக்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை இல்லை. விசென்ஸாவை நான் தயங்காமல் சொல்வேன். 1953இல் லானெரோஸ்ஸி என்ற கம்பளி நிறுவனம் அந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டு பெயரையே லானெரோஸ்ஸி விசென்ஸா என்று மாற்றியது. மற்ற கிளப்களுக்கு ஸ்பான்சர் அனுமதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த நிறுவனத்தின் 'ஆர்' எழுத்து அவர்கள் நெஞ்சில் இருந்தது. பாவ்லோ ரோஸ்ஸி கோல்களாகக் குவித்த 1977-78இலும் அதே எழுத்துதான். 1996-97இல் விசென்ஸா கோப்பா இத்தாலியா வென்றது. ஆகவே கோக்கார்டா இருக்க வேண்டியது 1997-98 ஜெர்சியில், கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதி வரை போய் செல்சியிடம் தோற்ற அந்த அணியின் ஜெர்சியில்.