ஸ்ட்ரிங் குவார்டெட் தொடங்கும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலோ ஏற்காட்டிலோ மேற்கத்திய இசை பயின்ற இளைஞர்கள் நால்வர், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று ஸ்ட்ரிங் குவார்டெட்டாகச் சேர்ந்து தொழில்முறையாக வாசிக்கத் தொடங்கும்போது, கச்சேரி மேடையில் நாம் கண்டு பழகிய ஒழுங்கைத் தம்மை அறியாமலேயே உடன் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் வயலின் வாசிப்பவர் நடுநாயகராகவும், மற்ற மூவர் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். முன்பணம் அவருடைய கணக்குக்கே வருகிறது, எதை வாசிப்பது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். கர்நாடக இசைக் கச்சேரிக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்தும். குவார்டெட் என்ற வடிவத்துக்கு இது அடியோடு பொருந்தாது என்பதும், பிற்பாடு எழும் பூசல்களில் பாதிக்கு இதுவே வேர் என்பதும் என் கருத்து.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1772-இல் எழுதிய ஓபஸ் 20 தொகுப்பின் இரண்டாம் குவார்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில் மெட்டைச் செல்லோ ஏந்திச் செல்ல, முதல் வயலின் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கி 2023 வரை வாசித்த எமர்சன் குவார்டெட்டில், வயலின் கலைஞர்கள் இருவரும் முதல், இரண்டாம் இடங்களை மாறி மாறி ஏற்றுக்கொண்டார்கள். புதிய குழுவினர் பீத்தோவனின் கடைசிக் காலக் குவார்டெட்டுகளை மேடையேற்றிக் காட்ட அவசரப்படுவதைவிட, ஓராண்டுக் காலம் ஹைடனோடு இருப்பது நல்லது. நால்வரும் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தாக வேண்டிய கட்டாயத்தை அவருடைய எழுத்தே உண்டாக்கிவிடும்.

ஆளுக்கொரு கைபேசிச் செயலியைப் பார்த்துத் தனித்தனியே சுருதி சேர்த்துக்கொண்டு வந்து அமர்வது அடுத்த தவறு; இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயோலாவுக்கும் அவையே, ஒரு ஸ்தாயி மேலே. வயலினுக்கு ஜி, டி, ஏ, ஈ. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே இருப்பது ஷட்ஜ பஞ்சம உறவு. எல்லோரும் காதால் கேட்டுச் சுத்தமான பஞ்சமமாகவே சேர்த்தாலும், அடியில் உள்ள சி தந்தியிலிருந்து நான்கு பஞ்சமம் ஏறி வரும் வயலினின் ஈ தந்தி, அந்தச் சியை ஷட்ஜமாகக் கொண்டால் கிடைக்கும் இயல்பான அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 22 சென்ட் உயர்ந்து நிற்கும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட் என்பதால், தம்பூரா கேட்டு வளர்ந்த காது இந்த உறுத்தலை உடனே கண்டுகொள்ளும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரித்துச் செயலி காட்டும் சம அளவுச் சுருதியிலும் அந்தக் காந்தாரம் 14 சென்ட் அளவுக்கு உயர்ந்தே இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் தம்மளவில் சரியாக வாசித்தும் நால்வரும் சேர்ந்த ஒலி பிசகலாம் என்பதை உணராமல், சுருதி விலகியவர் யார் என்று ஒத்திகைதோறும் வாதாடுவது வீண். பஞ்சமங்களை இம்மியளவு குறுக்கிச் சேர்ப்பதும், காந்தாரமாக ஒலிக்க வேண்டிய இடங்களில் ஈ தந்தியை வெறுமனே இழுக்காமல் ஏ தந்தியில் விரல் வைத்து அச்சுரத்தை எடுப்பதும், ஐயம் வரும்போதெல்லாம் செல்லோவிலிருந்து மேல்நோக்கிச் சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதும் பயன் தரும்.

மூன்று வயலின் கலைஞர்களில் சற்றுப் பின்தங்கியவரிடம் வயோலாவைத் திணிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அதன் உடல் பெரியது, அதற்குரிய ஆல்டோ கிளெஃப் குறியீட்டைப் புதிதாகப் படித்துப் பழக வேண்டும். விரும்பி ஏற்பவரே அதில் நிலைப்பார்.

வருமானத்துக்குச் சேலத்துத் திருமண வரவேற்புகளும் ஏற்காட்டு விடுதி விருந்துகளும் கைகொடுக்கும். அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் திரைப்பாடல்தான். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாடலை நான்கு வாத்தியங்களுக்கு ஏற்பப் பிரித்து எழுதுபவரின் உழைப்புக்குத் தனி ஊதியம் ஒதுக்காததும், மேடையில் வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டணம் பேசிவிட்டு ஒத்திகையையும் வண்டிச் செலவையும் கைப்பணத்தில் ஈடுகட்டுவதும் சில மாதங்களிலேயே மனக்கசப்பில் முடியும்.

வாத்தியங்களின் மரத்தையும் மறந்துவிடலாகாது. இவற்றின் இணைப்புகளை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது விலங்குப் பசை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது இளகும். சித்திரை வெயிலில் சேலம் ஐந்து ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, செல்லோவை உள்ளேயே வைத்துச் சாப்பிடப் போவது ஒட்டு விடுவதற்கு வழிசெய்வதாகும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறியதும் பனிமூட்டத்தில் மரம் ஈரம் உறிஞ்சி உப்ப, முறுக்காணி இறுகித் திரும்ப மறுக்கும். கீழே வறண்ட காற்றில் அதே ஆணி தளர்ந்து நழுவும். நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே சென்று, பெட்டியைத் திறந்து வைத்து, வாத்தியம் அவ்விடத்துக் காற்றுக்குப் பழகிய பின் சுருதி சேர்ப்பதே முறை. புல்வெளியில் வாசிக்க ஒப்புக்கொள்வதானால், ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லாத இடத்தில் மைக் ஏற்பாடு யாருடைய பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதை நட்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே பேசிவிட வேண்டும். வயோலா கலைஞர் பீட்டர் ஷிட்லாஃப் 1987-இல் மறைந்ததும், மற்றொருவரைச் சேர்த்துக்கொள்ளாமல் அமேடியஸ் குவார்டெட் தன் வாசிப்பை நிறுத்திக்கொண்டது. 1973-இல் தொடங்கிய க்ரோனோஸ் குவார்டெட்டோ ஆட்கள் மாறியும் தொடர்கிறது. இவற்றுள் எந்த வழி, குழுவின் பெயர் யாருக்கு, பொதுப்பணத்தில் வாங்கிய இசைத்தாள்கள் யாரிடம் இருக்கும், விலகுபவர் எத்தனை மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது போதுமானது.