அழகு வேறு, சரி வேறு: வரைபடச் செயலிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 செப்டம்பரில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6 வெளிவந்தபோது, அதில் அதுவரை இருந்துவந்த கூகுளின் வரைபடத்தை எடுத்துவிட்டு ஆப்பிள் நிறுவனம் தன் சொந்த வரைபடத்தை வைத்தது. பார்வைக்கு அதில் பெரிய குறை எதுவும் இல்லை. பெருநகரக் கட்டடங்களை முப்பரிமாணத்தில் மேலிருந்து சுற்றிப் பார்க்க உதவும் ‘ஃப்ளைஓவர்’ வசதி அப்போது பெரும் கவர்ச்சியாக இருந்தது. ஆனால் சில நாள்களுக்குள்ளேயே, இடம் மாறிக் கிடந்த ஊர்களையும் உருகி வழிவதுபோல் தெரிந்த பாலங்களையும் பயனர்கள் படம்பிடித்துப் பரப்பத் தொடங்கினார்கள். செப்டம்பர் 28 அன்று ஆப்பிளின் தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதோடு, வரைபடம் சீராகும்வரை போட்டி நிறுவனங்களின் செயலிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் எழுத நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது: மில்டுரா நகரத்துக்குப் புறப்பட்ட வாகன ஓட்டிகள் சிலர், அந்த வரைபடத்தை நம்பி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாத மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவின் நடுவே போய்ச் சிக்கியிருந்தார்கள். கோடையில் 46 டிகிரி வரை வெப்பம் ஏறக்கூடிய இடம் அது.

வரைபடச் செயலிகளை ஒப்பிடுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கிவிடுகின்றன. நாம் ‘மேப்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடும் செயலிக்குள் மூன்று தனி வேலைகள் நடக்கின்றன. எந்தத் தெரு எங்கே இருக்கிறது, எது ஒருவழிப் பாதை, எந்தக் கடை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பவை தரவு. அந்தத் தரவில் எதை எந்த வண்ணத்தில், எவ்வளவு பெரிதாகக் காட்டுவது, எதை மறைப்பது என்பது வரையும் முறை. இங்கிருந்து அங்கே போக எந்த வழி சிறந்தது என்று கணக்கிடுவது மூன்றாவது. 2012இல் ஆப்பிளின் வரைதல் நன்றாகவே இருந்தது, சறுக்கியது தரவுதான். ஆகவே இரண்டு செயலிகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளை அருகருகே வைத்து ‘இது மேல்’ என்று தீர்ப்பளிப்பவர், மூன்றில் ஒன்றை மட்டுமே பார்த்துவிட்டு மற்ற இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்.

இதே குழப்பத்தின் மறுபக்கத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விஷயத்தில் காணலாம். ‘அது நெரிசலாக இருக்கிறது, வண்ணங்கள் கண்ணை உறுத்துகின்றன’ என்று அதை ஒதுக்குபவர்கள் பலர். ஆனால் அது செயலியே அன்று. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தொகுத்துவரும் தரவுத்தளம். அதன் வலைத்தளத்தில் முதலில் தோன்றும் வரைபடம் அந்தத் தரவைக் காட்டும் ஒரு முறை மட்டுமே. தொகுப்பவர்கள் தாங்கள் சேர்த்ததைச் சரிபார்ப்பதற்கும் அதுவே பயன்படுவதால் நிறைய விவரம் திரையில் கிடக்கிறது. அதே தரவை எடுத்து ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி எளிமையாக வரைகிறது. ஆஸ்ம்அண்ட் என்ற இன்னொரு செயலி, மலையேறுபவர்களுக்கு வேண்டிய சம உயரக் கோடுகள் வரை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. ஒரே அரிசியில் இட்லியும் வரும், பொங்கலும் வரும். பொங்கல் குழைந்துவிட்டதென்று அரிசியை யாரும் பழிப்பதில்லை. இதேபோல, 2023இல் கூகுள் மேப்ஸ் தன் சாலைகளைச் சாம்பல் நிறத்துக்கும் நீர்நிலைகளை நீலப்பச்சைக்கும் மாற்றியபோது, ‘மேப் கெட்டுப்போய்விட்டது’ என்று புலம்பியவர்கள் உண்டு. புதிய வண்ணங்கள் பிடிக்காமல் போகலாம், அது நியாயமான குறைதான். ஆனால் வண்ணம் மாறியதால் ஒரு தெருகூட இடம் நகரவில்லை.

காட்சியை மட்டும் ஒப்பிடுவதென்றாலும் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும், இங்கே ஜூம் அளவு பலரை ஏமாற்றிவிடுகிறது. பெரும்பாலான இணைய வரைபடங்கள் உலகை 256 பிக்சல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு ஜூம் படியிலும் அளவை இரட்டிப்பாக்குகின்றன. ஆனால் சில செயலிகள் 512 பிக்சல் சதுரங்களைப் பயன்படுத்துவதால், அவற்றின் 14ஆம் படிதான் மற்றவற்றின் 15ஆம் படிக்கு ஈடாகிறது. எண்ணை மட்டும் பார்த்து ‘இதில் தெருப்பெயர்கள் குறைவாகத் தெரிகின்றன’ என்று எழுதினால், ஒப்பீடு தொடக்கத்திலேயே பிசகிவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. உருண்டையான உலகைத் தட்டையாக விரித்துக் காட்ட இவை பயன்படுத்தும் மெர்கேட்டர் வகை வீழ்ப்புமுறை, நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 256 பிக்சல் கணக்கின் 15ஆம் படியில், ஒரு பிக்சல் சென்னையில் ஏறத்தாழ 4.65 மீட்டரையும் லண்டனில் ஏறத்தாழ 3 மீட்டரையும் குறிக்கிறது. ஆகவே அதே படியில் லண்டன் தெருக்கள் விரிவாகவும் சென்னைத் தெருக்கள் நெருக்கமாகவும் தெரிவதில் செயலியின் ஓரவஞ்சனை ஏதும் இல்லை, அது வெறும் வடிவியல். திரையின் மூலையில் இருக்கும் அளவுகோல் கோட்டைப் பார்த்து, இரு செயலிகளிலும் அதே நீளம் அதே மீட்டரைக் காட்டும்வரை சரிசெய்துகொண்ட பிறகுதான் படம்பிடிக்க வேண்டும். பகல் தோற்றத்தை இரவுத் தோற்றத்தோடு ஒப்பிடுவதையும் இந்த வகைத் தவறாகவே கொள்ளலாம்.

என் கணிப்பில், மிக அதிகமாக நடக்கும் தவறு இடத்தேர்வுதான். ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, லண்டன் ஆகியவற்றின் மையப்பகுதிகளை எடுத்துக்கொள்கின்றன. எந்த நிறுவனமும் தன் முழு உழைப்பையும் கொட்டியிருக்கும் இடங்கள் அவை. அங்கே கிடைக்கும் முடிவு வேறு நாட்டில் செல்லுபடியாகாது. தென்கொரியா நுண்ணளவு வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்குப் பல ஆண்டுகள் தடை விதித்திருந்ததால், சோல் நகரத்தில் கூகுள் மேப்ஸ் தடுமாற, உள்ளூர்க்காரர்கள் நேவர், காகாவோ ஆகிய கொரிய நிறுவனங்களின் வரைபடங்களையே நம்பிவந்தார்கள். சீனாவில் சட்டப்படி ஆயத்தொலைகள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) வேண்டுமென்றே சற்று நகர்த்தப்படுவதால், செயற்கைக்கோள் படத்தின் மீது சாலைக்கோடுகள் பிசகி விழுவதைப் பார்க்கலாம். இந்தியாவில், தெருவில் நின்று பார்ப்பதுபோல் படங்களைக் காட்டும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ முறையாக வந்ததே 2022 ஜூலையில்தான், அதுவும் முதலில் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களுக்கு மட்டும். அமெரிக்கக் கட்டுரையொன்று புகழும் வசதி நம் தெருவில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே செயலிகூட நாட்டுக்கு நாடு மாறுகிறது: காஷ்மீரின் எல்லைகள் இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு முழுக்கோடாகவும் வெளிநாட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளிக்கோடாகவும் தெரிவது அதற்கு எடுத்துக்காட்டு.

ஆகவே, நடந்து நடந்து பழகிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்வாசல், நிரந்தரமாக மூடப்பட்ட ரயில்வே கேட், ஒருவழியாக்கப்பட்ட கடைத்தெரு, ஊர்க்காரர்கள் மட்டுமே ஒரு பெயர் சொல்லி அழைக்கும் பேருந்து நிறுத்தம் என்று பத்து இடங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு செயலியிலும் தேடிப் பார்த்தால் அரைமணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். எங்கள் பகுதியில் இப்படிப் பார்த்தபோது, மிக நேர்த்தியாகத் தோன்றிய ஒரு செயலி, வண்டி போக முடியாத வாய்க்கால் கரையைச் சாலை என்று வரைந்திருந்ததைக் கண்டேன். பழைய பாணியில் தோன்றிய இன்னொன்று அதை நடைபாதை என்று சரியாகவே குறித்திருந்தது.

இந்தச் சோதனையைத் தமிழிலும் செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் மொழியும் ஒரு காட்சிக்கூறுதான். நம் ஊர்ப்பெயர்கள் பல தரவுத்தளங்களில் ஆங்கில எழுத்துகளில் ஏறி, அங்கிருந்து மீண்டும் தமிழுக்கு இறங்குகின்றன. அந்தப் பயணத்தில் ல, ள இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ர, ற குழம்புகின்றன, குறில் நெடிலாகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்குத் தமிழ்ப்பெயர் தெரிய வேண்டுமானால், யாரேனும் அதைத் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலே ஊருக்கு ஊர் நிலையில்லாதது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, எழுந்த எதிர்ப்பால் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஒரு செயலி, தவறாக எழுதிய பெயரையும் புரிந்துகொண்டு சரியான ஊரைக் காட்டுகிறதா என்பது அதன் வண்ணங்களைவிட முக்கியமான சோதனை.

வண்ணங்களைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கூகுள் மேப்ஸில் போக்குவரத்து அடுக்கை இயக்கினால், சிவப்பு நெரிசலையும் பச்சை தடையற்ற ஓட்டத்தையும் குறிக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வலைத்தளத்திலோ செந்நிறமும் ஆரஞ்சும் சாலையின் தரவரிசையைக் குறிப்பவை, நெரிசலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஒன்றில் பழகிய கண்ணோடு மற்றொன்றைப் பார்ப்பவர் காலியான நெடுஞ்சாலையை நெரிசல் என்று நினைத்துவிடக்கூடும். சிவப்பு, பச்சை வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இந்த வண்ணமுறையே பயன்படாது என்பதையும், குடும்பத்தில் அப்படி யாரேனும் இருந்தால், கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிவப்புக்கோடும் சாலையை நேரில் பார்த்து வரைந்ததன்று. அது கைப்பேசிகள் நகரும் வேகத்திலிருந்து ஊகிக்கப்பட்டது. 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவொன்றில் மெதுவாக இழுத்துச் சென்றார். வெறிச்சோடிய அந்தத் தெரு கூகுள் வரைபடத்தில் சிவப்பாக மாறியது.

நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளியை வைத்துச் செயலியைப் பழிப்பதும் தவறுதான். திறந்த வானத்தின் கீழ், பொதுவாக ஒரு கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள் நம் இடத்தைச் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே பிழை கூடும். இது கைப்பேசியின் வேலை, செயலி அதைக் காட்டுகிறது, அவ்வளவே. புள்ளியைச் சுற்றியுள்ள வெளிறிய வட்டம் அந்த ஐயத்தின் அளவு. வழிகாட்டும்போது செயலிகள் புள்ளியை அருகிலுள்ள சாலையின் மீது ஒட்டிவிடுவதால் எல்லாம் துல்லியம்போல் தோன்றும். மேம்பாலமும் அதன் கீழுள்ள சர்வீஸ் ரோடும் சேர்ந்து ஓடும் இடத்தில் அந்தத் தோற்றம் கலைந்துவிடும்.

செயற்கைக்கோள் படத்தை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அது வெவ்வேறு நாள்களில் எடுத்த துண்டுகளை ஒட்டிய படம். இரண்டு செயலிகளில் ஒரே இடம் வேறு வேறாகத் தெரிந்தால், ஒன்று தவறு என்றாகாது, ஆண்டு வேறாக இருக்கலாம். கோட்டு வரைபடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்கு அருகே, முன்பு வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த ராமகங்கைப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தார்கள். வழிகாட்டும் செயலியைப் பின்பற்றிச் சென்றதாகச் செய்திகள் கூறின. எல்லைத் தகராறுக்கும் வரைபடம் சான்றாகாது: 2010இல் நிகரகுவாவின் படையினர் கோஸ்டா ரிகாவுக்கு உரிய நிலப்பகுதியில் புகுந்தபோது, அதன் தளபதி கூகுள் மேப்ஸைச் சுட்டிக்காட்டினார், அந்த எல்லைக்கோடு 2.7 கிலோமீட்டர் வரை பிசகியிருந்ததைக் கூகுளே பின்னர் ஒப்புக்கொண்டது.

பயண நேரத்தை ஒப்பிடுவோர் ஒரே ஒரு பயணத்தை வைத்து முடிவெடுப்பது வழக்கம். ஒன்று 42 நிமிடம் என்றும் மற்றொன்று 50 நிமிடம் என்றும் சொல்லி, நாம் 48 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரே வாகன வகையைத் தேர்ந்திருக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்கெனத் தனி வழியைக் கொண்டுவந்தது. அதன் நேரத்தை மற்றொரு செயலியின் கார் நேரத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. குறைந்த நேரம் காட்டும் செயலிதான் சிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு நிமிடம் மிச்சப்படுத்துவதற்காக, எதிரே ஆட்டோ வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்துக்குள் அது திருப்பிவிடும்.

‘ஆஃப்லைன் உண்டு’ என்ற ஒரு வரியும் இரு செயலிகளைச் சமமாக்கிவிடாது. கூகுளில் இறக்கிவைத்த வரைபடம், இணையம் இல்லாதபோது வாகன வழியை மட்டுமே சொல்லும், நடைவழியைச் சொல்லாது. ஆர்கானிக் மேப்ஸ் நடைவழியையும் மிதிவண்டி வழியையும் கைப்பேசிக்குள்ளேயே கணக்கிடும், ஆனால் அதில் நெரிசல் தெரியாது. மலைப்பாதைக்குப் போகிறவருக்கும் அலுவலகத்துக்குப் போகிறவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்வதில் செலவும் இல்லை.

பழைய தீர்ப்புகளை இன்றும் சுமந்து திரிவோரைப் பற்றியும் ஒரு சொல். 2012இன் மன்னிப்புக் கடிதத்தை நினைவில் வைத்து ஆப்பிளின் வரைபடத்தை இன்னும் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். 2018இல் அந்நிறுவனம் தன் சொந்த வாகனங்களைத் தெருத்தெருவாக அனுப்பித் திரட்டிய தரவைக்கொண்டு அடியிலிருந்து மறுபடி கட்டிய வரைபடத்தை வெளியிடத் தொடங்கி, 2020 ஜனவரியில் அமெரிக்கா முழுவதற்கும் முடித்தது. இந்தியாவில் திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டும் வசதி 2019இல்தான் வந்தது. நண்பர் ஒரு செயலியைப் பரிந்துரைத்தாலும் பழித்தாலும், அவர் அதை எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த வண்டியில் போய்ப் பார்த்தார் என்று கேளுங்கள். உங்கள் ஊருக்குப் புறவழிச்சாலை திறக்கும் நாளில், அந்தப் பத்து இடப் பட்டியலை மீண்டும் ஒருமுறை கையில் எடுங்கள்.