கிராமப்புறச் சுகாதாரக் கூட்டமைப்புகள் எங்கே சறுக்குகின்றன? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமப்புறத்தில் நோயும் இறப்பும் கூடுதலாக இருப்பதை மருத்துவமனை மட்டும் சரிசெய்துவிட முடியாது. சாலை, பேருந்து நேரம், குடிநீர், பள்ளி, வேலையிடம் எல்லாமே அதில் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான் உள்ளூர் அமைப்புகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு தொடங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், கூட்டத்துக்குச் சுலபமாக வரக்கூடியவர்களை வைத்தே அது உருவாகிவிடுகிறது. நோய்ச்சுமை அதிகம் இருப்பதோ வர முடியாதவர்களிடம்.

அழைப்புப் பட்டியலிலேயே இந்தத் தவறு ஆரம்பமாகிறது. மருத்துவ அலுவலர், தலைமையாசிரியர், உள்ளாட்சித் தலைவர், தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர் ஆகியோருக்குக் கூட்டம் என்பது சம்பளத்தோடு வரும் வேலை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அதே கூட்டம் அன்றைய வருமானத்தைப் பறிக்கிறது. வேலைநாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, 'பொதுமக்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று அறிக்கையில் எழுதுவது நியாயமே இல்லை. பயணச் செலவு, இழந்த கூலிக்கு ஈடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் பேனர் அடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு என்ன அதிகாரம்? அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்து காட்டினார்; மேலே போகப் போக மக்களின் அதிகாரம் கூடும். தகவல் சொல்வதையும் கருத்துக் கேட்பதையும் நடுப்படிகளில் வைத்து, அவற்றைப் பெயரளவுப் பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். உங்கள் கூட்டமைப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிய ஒரு கேள்வி போதும்: ஊர்க்காரர்கள் மறுத்ததால் கைவிடப்பட்ட திட்டம் ஒன்றாவது உண்டா?

அடுத்தது, எந்த ஊர்களைச் சேர்ப்பது என்பது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவ வசதி குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதினார். கூட்டமைப்புக்கும் இது அப்படியே பொருந்தும். ஏற்கெனவே சங்கமும், விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆட்களும் உள்ள ஊர்கள் முதலில் வந்து சேரும். அவற்றின் நிலை மேம்பட, வட்டாரத்தின் சராசரியும் உயரும். கடைக்கோடி ஊருக்கும் மற்ற ஊர்களுக்கும் உள்ள இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே போகும். சராசரியை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது.

ஒரு வேலையை எத்தனை பேரிடம் கொண்டுபோகிறோம் என்பதில் வரும் தவறு இன்னும் நுட்பமானது. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் உள்ளூர்ப் பெண்களே வழிநடத்திய மகளிர் குழுக்கள் மாதந்தோறும் கூடி, பிரசவம் தொடர்பான சிக்கல்களைப் பேசித் தாங்களே தீர்வு தேடின. குழுக்கள் இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தை இறப்பு அங்கே சுமார் 30 சதவீதம் குறைவு என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே முறையை வங்கதேசத்தில் முயன்றபோது முதல் ஆய்வில் பலன் தெரியவில்லை. குழுக்களைப் பல மடங்கு கூட்டி மறுபடி செய்தபோது இறப்பு தெளிவாகக் குறைந்தது. இத்தகைய ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கர்ப்பிணிகளில் 30 சதவீதத்தினராவது பங்கேற்ற இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பரந்த வட்டாரம் முழுக்க நாலைந்து குழுக்களைத் தூவிவிட்டு, 'இந்த முறை நம்மிடம் எடுபடவில்லை' என்று முடிவுகட்டுவது அவசரம். பணம் குறைவென்றால் ஊர்களைக் குறைத்துக்கொண்டு ஆழமாகச் செய்யலாம். ஆனால் அந்தச் சில ஊர்கள் பின்தங்கியவையாக இருக்க வேண்டும்.

தீர்வை முதலில் வாங்கிவிட்டுப் பிரச்சினையைப் பிறகு தேடுவதும் உண்டு. தாய் இறப்புக்குக் காரணமான தாமதங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறை 1994-லேயே வந்துவிட்டது: மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரவில் வண்டி கிடைக்காததுதான் சிக்கல் என்றால் புது ஸ்கேன் கருவி எதற்கு? அங்கே மருத்துவரைவிட வண்டி ஓட்டுநர்கள்தான் முக்கியமான உறுப்பினர்கள்.

புள்ளிவிவரத்தில் ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கு 200 பிரசவம் நடக்கும் பகுதியில் ஒரு சிசு இறந்தால் ஆயிரத்துக்கு 5. மறு ஆண்டு இரண்டு சிசுக்கள் இறந்தால் ஆயிரத்துக்கு 10. 'இறப்பு இருமடங்கு' என்று பதறவும் வேண்டாம், அதற்கடுத்த ஆண்டு குறைந்தால் பாராட்டு விழா எடுக்கவும் வேண்டாம். சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். இடையில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்கள் எத்தனை பேர், தடுப்பூசி விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் நிலவரம் முன்கூட்டியே தெரியும்.

அப்புறம், கால அளவு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃபிராங்க்ளின் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வருமானம் குறைந்த கிராமப்புறப் பகுதி. அங்கே 1970 வாக்கில் தொடங்கிய சமூக முயற்சியில் செவிலியர்களும் தன்னார்வலர்களும் ரத்த அழுத்தப் பரிசோதனையை மக்கள் கூடும் இடங்களுக்கே கொண்டுபோனார்கள். 1975-க்கும் 1978-க்கும் இடையில், உயர் ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்களின் பங்கு 18.3 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று சொல்ல 40 ஆண்டு விவரம் தேவைப்பட்டது. மூன்றாண்டு நிதியை வைத்துக்கொண்டு இறப்பு விகிதத்தையே குறைத்துக் காட்டுவதாக நன்கொடையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பணம். எல்லா நிதியும் ஒரே பெரிய மருத்துவமனையின் கணக்கில் வந்தால், மற்ற அமைப்புகள் கொஞ்ச நாளில் அதன் துணை ஒப்பந்தக்காரர்கள் போல ஆகிவிடும். கணக்கை யார் வைத்திருந்தாலும் செலவை யார் தீர்மானிப்பது, விவரங்களை யார் பார்க்கலாம், ஓர் அமைப்பு விலகினால் அதன் வேலையை யார் எடுத்துக்கொள்வது என்பதை முதல் தவணை வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். பணம் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதாகத்தான் அது போய் முடியும்.